தாழ்ப்பாள்

முதலில் நாங்கள் கேட்டது சம்பளம் இல்லை.
ஒரு தாழ்ப்பாள்.

கழிப்பறைக் கதவை
உள்ளே இருப்பவள் ஒரு காலால் அழுத்திப் பிடிப்பாள்,
வெளியே ஒருத்தி காவல் நிற்பாள்.
காவல் நின்றவளின் நிமிடமும் எழுதப்படும்.
மூன்று மாதம் தனித்தனியாகப் போய்ச் சொன்னோம்.
"பாப்பம் தங்கச்சி" என்றார் சுப்பவைசர்,
போனைப் பார்த்தபடி.

மறுகா மாரி வந்தது.
கிரான் பாலத்துக்கு மேலால் தண்ணி.
புலிபாய்ந்தகல் பக்கத்துப் பிள்ளைகள்
தோணியில் வந்து, பாவாடை பிழிந்து,
ஏழே காலுக்கு மெசினில் குந்தினார்கள்.
அரைநாள் வெட்டு.
"ஆத்துக்கு எவ்வளவு வெட்டுவாங்க?" என்றாள் ஜெஸீமா.
ஒருவரும் சிரிக்கவில்லை.

சங்கத்துக்கு ஏழு பேர் போதும் என்கிறது சட்டம்.
ஏழாவது ஆளுக்கு ஒன்பது நாள் பிடித்தது.
அந்த ஏழாவது நான்.
வீரம் என்று நினைக்க வேண்டாம்;
தண்ணீர் குடிக்காமல் இருந்து இருந்து
எனக்கு அந்த மாதம் நீர்க்கடுப்பு.

முதல் பெயர் யாருடையதென்று தெரியக்கூடாது.
நூல்கூம்பின் அடியை வைத்து வட்டம் கீறி
சுற்றிவரக் கையெழுத்துப் போட்டோம்.
கோகிலவதனியின் பெயர் நீளம்,
வளைந்துபோய் ஜெஸீமாவில் முட்டியது.
மழை விடுமுன் வட்டத்துக்கு வெளியே வட்டம்,
அதற்கும் வெளியே இன்னொன்று.

சந்தா நூறு ரூபாய்.
"ஒரு றாத்தல் பாண் போச்சு" என்று மனிசன் முணுமுணுத்தான்.
நானும் அதே கணக்குப் பார்த்தவள்தான்,
பொய் சொல்வானேன்.

எல்லாம் நன்றாக நடந்ததென்றும் இல்லை.
தவமலரைக் காலர் லைனில் இருந்து தூக்கி
நூல் வெட்டப் போட்டார்கள்.
இரண்டு பேர் அழுதழுது வந்து
பெயரை அழிக்கச் சொன்னார்கள்.
அழித்தோம். கடதாசியில் இரண்டு ஓட்டை.

தொழில் திணைக்களத்து மேசையில்
கொம்பனிக்காரர் அதைக் கையில் எடுத்தார்.
"யார் இதைத் தொடங்கினது?"
திருப்பினார், இன்னும் திருப்பினார்,
பஸ் ஸ்டியரிங்கை வெட்டுவது போல.
வட்டத்துக்குத் தலைப்பு இல்லை.

வெட்டின அரைநாள்கள் தையில் திரும்பி வந்தன.
சம்பளத் துண்டில் புதிதாய் ஒரு வரி: வெள்ள நாள்.
தவமலர் மாசியில் காலருக்குத் திரும்பினாள்,
ஒரு கதையும் இல்லாமல் ஊசியில் நூல் கோத்தாள்.

தாழ்ப்பாள் பங்குனியில்தான் வந்தது.
தகரம். நாலு ஆணிக்கு மூன்றுதான் அடித்திருந்தது.
உள்ளே போய்ப் பூட்டினேன்.
இரண்டு காலும் தரையில்.
கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

நாலாவது ஆணியை
அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டும்.