எங்க படுப்பிய

பதினேழு வருஷம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியிறக்கிய வேன்.
சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு ஆசீர் அதில்
பலகைக் கட்டில் அடித்தான், ஒற்றை அடுப்பு வைத்தான்,
கண்ணாடியை மறைக்க என் பழைய வாயில் சேலை.
சுரண்டியும் போகாதது ஒன்றுதான்:
'ஜன்னலுக்கு வெளியே கை நீட்டாதே.'

தூத்துக்குடியிலிருந்து நாலாம் நாள் பன்வேல்.
சுங்கச்சாவடிக்காரன் எட்டிப் பார்த்து
குக்கரைப் பார்த்து, என்னைப் பார்த்து
என்ன வண்டி இது என்றான்.
கர் என்றேன். எனக்குத் தெரிந்த
ஆறு இந்திச் சொற்களில் அது ஒன்று.

மும்பையில் எங்களுக்குப் பதினோரு வீட்டுச் சொந்தம்.
பத்திரிகை தபாலில் போகும், மொய் போனில் வரும்.
ஆள் போனதில்லை.
போவதென்றால் ஒரு கேள்வி இருக்கிறது, எங்க படுப்பிய.
யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.
போனில் 'வாங்க வாங்க' என்பதற்கும்
'எப்ப வாறிய' என்பதற்கும் நடுவில்
ஒரு மூச்சு நிற்கும்.
அதுதான் அது.

முலுண்டில் பிரிசில்லா அத்தாச்சி பத்தொன்பதாவது மாடி.
வாசலில் மஞ்சளும் கறுப்புமாய் ஒரு குழாய்
ஏழடி உயரத்தில் குறுக்கே தொங்கியது.
எங்கள் வேன் எட்டடி நாலங்குலம்.
காவலாளி டேப் வைத்து அளந்தே பார்த்தான்.
நைட்டிமேல் துப்பட்டா போட்டுக்கொண்டு அத்தாச்சி இறங்கி வந்தாள்,
பின்னால் மருமகள், பேரன், ஒரு டப்பா வறுத்த முந்திரி.
குப்பைத்தொட்டி ஓரம் நிறுத்தி நான் போட்ட காபியைக்
கட்டிலில் சம்மணமிட்டுக் குடித்துவிட்டு
'ஒன் வீடு நல்லாருக்கு' என்றாள்.

விராரில் சித்தப்பா வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள்.
அந்தப் பெண் மராத்தியில் நிறையச் சொன்னாள்,
கையைத் தூரமாக ஆட்டினாள்.
போயிட்டார் என்றால் எந்தப் போயிட்டார் என்று
மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது.
நாலாசோப்ரா.

பிறகு தாராவி.
தொண்ணூறடி ரோடு என்று பேர், அறுபதை லாரிகள் தின்றுவிட்டன.
ஆசீரின் சித்தி மகள் ரோஸ்லின் வீடு பத்துக்குப் பன்னிரண்டு.
அவள், செல்வின், அவன் அம்மா, இரண்டு பையன்கள்,
பத்தாவது எழுதப்போகும் பெண்.
சாளைக் குழம்பு.
'நாங்க வண்டியில படுத்துக்கிடுதோம்' என்றான் ஆசீர், வழக்கம்போல.
வழக்கம்போல எல்லா முகமும் லேசாயிற்று,
ரோஸ்லின் முகம் தவிர.

கை கழுவ என்னோடு வந்தாள்.
குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள்
'மயினி, இன்னைக்கு ஒரு ராத்திரி
நாங்க வண்டியில படுக்கட்டா' என்றாள்.
கல்யாணமாகிப் பதினாறு வருஷம்.
உள்ளே பூட்ட முடியுமா என்றும் கேட்டாள்.
கொக்கி இருக்கு, கொஞ்சம் இழுத்துப் போடணும் என்றேன்.

'வண்டிக்கு ஒரு காவல் வேணும்லா' என்றான் செல்வின் பிள்ளைகளிடம்,
முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

ஆசீரின் தலை சிலிண்டரில் முட்டிக்கொண்டே இருந்தது.
என் கழுத்துக்கடியில் யாருடைய அறிவியல் நோட்டோ.
இளையவன் என் வயிற்றில் காலைத் தூக்கிப் போட்டு
ஏதோ கணக்கை உளறினான்.
ரொம்ப நேரம் கழித்து, இருட்டில், செல்வினின் அம்மா கேட்டாள்:
'வண்டியில காத்து வருமா?'
வரும் அத்தை.
'வரட்டும்' என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாலரைக்குத் தண்ணீர் வருமுன்னே
ரோஸ்லின் குடத்தோடு வரிசையில் நின்றாள்.
சாவி ஆணியில் தொங்கியது.

வேனுக்குள் போர்வை நாலாக மடித்திருந்தது.
சேலைத்திரை ஒரு சாண் விலகியிருந்தது.
ஜன்னல் விளிம்புத் தூசியில்
பக்கம் பக்கமாக
இரண்டு முழங்கைத் தடம்.

இன்னும் எட்டு வீடு பாக்கி.
ஆசீர் சுற்றிவந்து டயரை ஒரு உதை உதைத்துவிட்டு
'பஞ்சர், நாளைக்குத்தான் கெளம்ப முடியும்' என்றான் செல்வினிடம்.
நான் குனிந்து பார்த்தேன்.
நாலு டயரும் கல்லுப்போல இருந்தன.