கைகட்டி, வாய்பொத்தி

பொதட்டூர்பேட்டையில் எங்கள் பள்ளிக்கும்
தறிக்கூடத்துக்கும் ஒரே சுவர்.
அங்கே லுங்கி ஓடினால்
இங்கே சாக்பீஸ் டப்பா நகரும்.

திங்கட்கிழமை ஒரு சாக்கைக் கொட்டினேன்
ஒன்றாம் வகுப்பின் நடுவில்:
நூல் தீர்ந்த தார்க்குச்சி, சோடா மூடி,
புளியங்கொட்டை, வெயிலில் காய்ந்த நகரி மாங்கொட்டை,
யாரோ வீடு கட்டி மிஞ்சிய டைல்ஸ் துண்டுகள்
(முனைகளை இரண்டு சாயங்காலம்
துவைக்கிற கல்லில் தேய்த்தேன்.
மாவரைக்கிறாயா என்று கேட்டார் இவர்).

வாயில் போடாதே, மூக்கில் போடாதே.
சட்டம் அவ்வளவுதான்.

"என்ன டீச்சர் செய்யணும்?"
பதினெட்டு வாய்.
பூ செய், கோலம் செய், தேர் செய்
எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன.
விழுங்கினேன்.

காளத்தி தார்க்குச்சிகளைக் கோத்து
ரேணிகுண்டாவுக்கு ரயில் விட்டான்.
ஹன்சிகா டைல்ஸ் முழுவதையும் மடியில் அள்ளி
யாருக்கும் தரமாட்டேன் என்பதையே
ஒரு விளையாட்டாக்கிக்கொண்டாள்.

முனிலட்சுமி மட்டும் சுவரோரம்.
மூடி, கொட்டை, கொட்டை.
மூடி, கொட்டை, கொட்டை.
ஏழாவதில் மூன்று கொட்டை.

குனிந்து ஒன்றை எடுத்துவிட்டேன்.
கை தானாகப் போயிற்று,
பன்னிரண்டு வருடமாகச் சிவப்பு மை பிடித்த கை.

அவள் அழவில்லை.
வரிசையை இரண்டு கையாலும் வாரி
என் முந்தானையில் கொட்டினாள்.
"நுவ்வே செய்யி."
வீட்டு மொழியில், பள்ளியில்
அவள் பேசிய முதல் வார்த்தை.

மறுநாள்
பிள்ளைகளிடம் கத்துவதை
என்னிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டேன்:
கையைக் கட்டு, வாயைப் பொத்து.

மூடி, கொட்டை, கொட்டை.
மறுபடியும் ஏழாவதில் மூன்று.
பதினான்காவதில் மூன்று.

அப்போதுதான் காதில் விழுந்தது.
அந்தப் பக்கம் கடைசித் தறி
டக் டடக், டக் டடக் என்று ஓடி
ஓரிடத்தில் நொண்டியது:
டக் டடடக்.

எண்ணிப் பார்த்தேன். ஏழு.
மறுபடி ஏழு.
ஒருமுறை மட்டும் எட்டில் நொண்டியது.
தரையிலும் எட்டு.

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது.
தெருவே செவிடானது.
காளத்தியின் ரயில் மட்டும்
பெஞ்சுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.

அவள் ஒரு கொட்டையை
விரலிடுக்கில் பிடித்தபடி
சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அடுத்ததை வை என்று நான் சொல்லவில்லை.
நானும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.