கழிவு

நாற்பத்து மூன்று சதவீதத்தில் நிற்கிறது.
நீலத் திரை, சுற்றும் வெள்ளைப் புள்ளிகள்.
கணினியை அணைக்காதீர்கள் என்று
அதுவே கெஞ்சுகிறது, அதுவே மிரட்டுகிறது.

வெளியே பதினான்கு வண்டி.
காவேரிப்பட்டணம் சாலையில் வால் நீண்டுவிட்டது.
சந்தூர்க் காய், போச்சம்பள்ளிக் காய்,
எல்லாம் பெங்களூரா,
தார்ப்பாய்க்கு அடியில் புழுங்கிப்
பால் மணம் விடுகின்றன.
ஜூன் மாதத்தில் மாங்காய்க்குப் பொறுமை கிடையாது.
டிரைவர்களுக்கு எந்த மாதத்திலும் கிடையாது.

மூன்று வாரமாகக் கேட்டது: இப்போதா, பிறகா?
மூன்று வாரமும் பிறகு என்றே அழுத்தினேன்.
இன்று கேட்கவில்லை.
திம்மராயன் வண்டி எடைமேடையில் ஏறி
6840 என்று திரையில் எண் நின்று
பிரிண்ட் கொடுக்க நான் விரல் நீட்டிய நொடியில்
தானாக அப்டேட்டுக்குப் போய்விட்டது.
சீட்டு வரவில்லை.
அவர் கம்பி வழியே எட்டிப் பார்த்த எண்ணை
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்.
"மெஷினை நம்பலாம்மா, கரண்டைத்தான் நம்ப முடியாது."

அறுபத்தொன்றிலேயே இருபத்தேழு நிமிடம்.
யாரோ ஹாரன் மேல் கையை வைத்தபடி தூங்கிப்போனார்.
கூண்டுக்குள் ஒரு கை
எனக்கும் சேர்த்து டீ நீட்டியது,
திட்டிக்கொண்டே.

நூறு ஆனது. ரீஸ்டார்ட் ஆனது.
எடை சாஃப்ட்வேர் மட்டும் எழவில்லை.
ஓசூர்க்காரருக்குப் போன் போட்டேன்.
வாயில் சோற்றோடு பேசினார்:
"பழசைத் தூக்கிட்டுப் புதுசாப் போடும்மா.
டிராயர்ல பென்டிரைவ் இருக்கும்."

பட்டியலில் தேடிப் பிடித்தேன். நீக்கு.
உறுதியாக நீக்கவா என்றது.
வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பார்த்த முகம்,
பாசி நிறப் பட்டன்களும் தலைமாட்டில் பிள்ளையாருமாக.
ஆம்.
பச்சைக் கோடு ஓடி முடிந்தது.
சிலவற்றை அகற்ற முடியவில்லை,
நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றது.

பென்டிரைவில் இரண்டு ஃபோல்டர்.
ஒன்றின் பெயர் புதுசு. இன்னொன்று ஓனர்.
புதுசு என்றுதானே அவர் சொன்னார்.
அடுத்து, அடுத்து, ஒப்புக்கொள்கிறேன், அடுத்து.
படித்துவிட்டா ஒப்புக்கொள்கிறோம்.

திம்மராயன் மறுபடி வண்டியை ஏற்றினார்.

7015.

உள்ளங்கையைப் பார்த்தார்.
வியர்வையில் கொஞ்சம் கரைந்திருந்தது,
ஆனாலும் ஆறு, ஆறுதான்.
"காத்துக் கெடந்ததுல காய் பருத்துடுச்சா?"
சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன்.
இறக்கி ஏற்றினோம். 7015.
டீசல் போடவில்லை. மழை இல்லை.
கிளீனர் பையன் அப்போதும் கீழேதான் நின்றான்.

சிவப்பு எண் காட்டும் பெட்டி
நான் வரும் முன்பே செத்துவிட்டது.
திரை சொல்வதுதான் எடை.
திரை சொன்னதைத்தான் நானும் சொன்னேன்,
இரண்டு சீசன், நாளுக்கு நாற்பது வண்டி.
பி.காம். படித்தவள், பெருக்கத் தெரியும்.
பெருக்கவில்லை.

செட்டிங்ஸில் எல்லாவற்றுக்கும் கீழே
ஒரு சின்னக் கட்டம்: கழிவு, சதவீதம்.
அதில் இப்போது பூஜ்யம்.

பதினோரு மணிக்கு முதலாளி.
"எந்த ஃபோல்டரம்மா போட்டே?"
அதட்டவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிற குரல்.
"புதுசுங்க."
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும், ஏதோ கல்யாண மண்டபம்.
"அதை எடுத்துடு. ஓனர்னு ஒண்ணு இருக்கும், அதைப் போடு."

நீக்கு.
உறுதியாக நீக்கவா?

மவுஸுக்கு அட்டை வாங்கித் தரவில்லை.
போன வருஷச் சீட்டுகளின் கார்பன் கட்டு மேல்தான்
அதை நகர்த்துவது.
ஆம் என்பதிலிருந்து இல்லை என்பதற்கு
மூன்று விரற்கடை இருக்கும்.

"பென்டிரைவ் எடுக்க மாட்டேங்குதுங்க" என்றேன்.
"காலையில பாக்கறேன்."

வெளியே திம்மராயன் இன்னும் போகவில்லை.
அடுத்த வண்டிக்காரரிடம்
கையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்.
ஜன்னலில் தட்டினேன்:
ஏத்துங்க.