வினா ஏழு

மூலத்தில் அது ஒரே சொல்.
நாங்கள் முதலில் வைத்தது 'விறைப்பு'.
நாகர்கோவிலில், ஏசி இரையும் அறையில்
நாலு டாக்டர், ஒரு தமிழாசிரியர், நான்;
யாருக்கும் மறுப்பில்லை,
வடை தின்று கலைந்தோம்.

அருமனை தாண்டி, ஒட்டுப்பால் நாறும் வீட்டில்
தங்கநேசம் வினா ஏழைக் கேட்டுவிட்டு
என் முகத்தையே பார்த்திருந்தாள்.
"விறைக்கியது பொணமில்லியா பிள்ளே?
எனக்கு சீவன் கெடக்கே இன்னும்."

பின்னே எப்படிச் சொல்வீர்கள் என்றேன்.
சொல்லவில்லை, காட்டினாள்.
விரல் ஐந்தும் பாதி மடங்கி
இல்லாத ஒரு கத்தியைப் பிடித்திருந்தன.
"மூட்டு மூட்டா பூட்டிக் கெடக்கும்.
தெறவுகோலு வெயிலுக்க கையில."

அழித்து எழுதினேன்: பூட்டிக்கொள்ளுதல்.

அடுத்தது, காலையில் எத்தனை நிமிடம்?
நிமிடக் கணக்கு அவளிடம் இல்லை.
நாலரைக்கு வெட்ட இறங்க வேண்டும்,
மரம் பால் தருவது அந்த இருட்டில்தான்.
ஆறுக்கு சர்ச்சு மணி.
பிறகு பால்காரர், பிறகு கன்னியாஸ்திரீ பள்ளியின் வேன்.
அது வளைவில் ஹாரன் அடிக்கையில்
சுண்டுவிரல் தவிர மற்றவை வரும்.
நான் கூட்டிப் பார்த்து
கட்டத்துக்குள் 150 என்று எழுதினேன்.
வெட்டாமல் நிற்கும் முன்னூறு மூடு ரப்பருக்குக்
கட்டம் இல்லை.

கடியபட்டணத்தில் வேறு தகராறு.
'குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏற முடிகிறதா?'
அம்புரோஸ் வலையைக் கீழே போட்டுச் சிரித்தார்.
"தொட்டியில நாங்க ஐசும் மீனும் போடுவோம்,
மனியன அல்ல."
அதை 'நிறைந்த வாளியைத் தூக்க' என்று ஆக்க
பதினொரு மடல் போய் வந்தது.

மூலத்தைப் பார்க்காத ஒருவர்தான்
தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும், அது விதி.
லலிதாம்பிகை டீச்சர் பச்சை மையில்
எழுதிக் கொடுத்ததில் ஒரு பூட்டு தொங்கியது.
கடலுக்கு அப்பாலிருந்து பணிவான கேள்வி:
எங்கள் படிவத்தில் பூட்டு கிடையாதே, விளக்க முடியுமா?
மூன்று பக்கம் விளக்கினேன்.
அந்தக் கையைப் படமெடுத்து
அனுப்பியிருக்கலாம்.

பதினைந்தாம் நாள் மறுபடி அருமனை.
நோய் மாறாதிருந்தால் பதிலும் மாறக்கூடாது;
படிவத்துக்கு அதுதான் பரீட்சை.
ஏழுக்கு நான்கு. அன்றும் நான்கு.
எட்டுக்கு மூன்று. அன்றும் மூன்று.
இருபத்திரண்டும் அச்சுக்கு அச்சு.
இவ்வளவு பொருந்தினால்
புள்ளியியல்காரர் விசிலடிப்பார் என்று நினைத்தபடி
தாளை மடிக்கையில் அவள் சாயா கொண்டுவந்தாள்,
கிளாசை விரலால் அல்ல,
இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கி.

கூடியிருக்கா?
"கூடிச்சு. ராத்திரி ஒறக்கமில்ல."
பிறகு ஏன் பழைய நம்பரே சொன்னீர்கள்?
"அண்ணு செல்லினத இண்ணு மாத்திச் செல்லினா
கள்ளி எண்ணு நெனைக்கமாட்டியளா?"

சாயாவில் இனிப்பு அதிகம்.
தாளை மறுபடி விரித்து
'நிலை மாறியுள்ளது' என்ற கட்டத்தில் குறியிட்டேன்.
குறியிட்டால் அவள் கணக்கில் வரமாட்டாள்.
எங்கள் எண் இரண்டாம் தசமத்தில் கொஞ்சம் சரிந்தது,
விசில் கேட்கவில்லை.
மருந்து மாற்ற வியாழக்கிழமை
ஆசாரிபள்ளத்துக்கு வரச் சொல்லி
பஸ் நேரமும் எழுதிக்கொடுத்தேன்.

நான்காம் பதிப்பின் தலைப்பில்,
வினா ஒன்றுக்கும் மேலே, இப்படி இருக்கிறது:
'போன தடவை சொன்னதை நினைக்க வேண்டாம்.
மாற்றிச் சொன்னால் பொய்யாகாது.'
இந்த வரிக்கு மூலம் கிடையாது.
டீச்சர் பச்சை மையில் இதையும் திருப்பி எழுதினார்;
எவரும் விளக்கம் கேட்கவில்லை.