ஒன்பதாவது நெருப்பு

எனக்கு எண்ணத் தெரியும்.
இதை முதலில் சொல்லிவிடுகிறேன்,
விசாரணையில் மாற்றிச் சொன்னதால்.

ஏழு ஆண்டு என்றார் வெக்ஸ்ஃபோர்டில் நீதிபதி,
கூரை வைக்கோலுக்குள் கிடைத்த
ஒரேயொரு ஈட்டிமுனைக்கு.
அது என் அண்ணனுடையது. அது வேறு கதை.

நியூ சவுத் வேல்ஸின் ஆற்றோரப் பண்ணையில்
படுக்கைப் பலகையின் அடிப்பக்கம்
ஞாயிறுக்கு ஒரு கீறல்,
கப்பலில் கழிந்த ஞாயிறுகளையும் சேர்த்து.
முந்நூற்று அறுபத்து நான்காவது கீறலன்று
முகம் கழுவிக்கொண்டு எழுத்தரிடம் போனேன்.
"உன் காகிதம் கப்பலில் வரவில்லை."
ஆள் வந்துவிட்டேன்,
காகிதம் வரவில்லை.
காகிதம் இல்லாதவனுக்குத் தண்டனை தொடங்கவே இல்லை,
தொடங்காதது எப்படி முடியும் என்றார்
இறகைச் சீவியபடி,
கோபமே இல்லாமல்.

காரணங்களைக் கேட்டுப் பிறகு எழுதிக்கொண்டார்கள்.
சிலர் பூசைக்குப் பாதிரி இல்லை என்றார்கள்.
சிலர் மாவைச் சொன்னார்கள்,
வண்டு ஊர்ந்த மாவிலும் அளவைக் குறைத்ததை.
லோர்கன் ஹெஃபர்னன் ஒன்றும் சொல்லாமல்
சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றான்.
அந்த முதுகை எப்படி எழுதுவது என்று
அவர்களுக்குத் தெரியவில்லை.
என்னுடைய காரணம்
அந்தச் சின்னப் பேனாக்கத்தி.

திட்டம் எளிது.
மேட்டுப் பண்ணையில் லோர்கன்
வைக்கோல் கொட்டகையைக் கொளுத்துவான்.
பள்ளத்தில் நான் பார்ப்பேன்.
நாற்பத்தொரு பேரை எழுப்புவேன்.
துப்பாக்கி அறையின் சாவி
சமையல்காரி ஓனாவின் மாவுப் பானைக்குள்.
விடிவதற்குள் துறைமுகம், அங்கே ஒரு கப்பல்.
கப்பல் ஓட்டத் தெரிந்தவன்
எங்களில் யாருமில்லை.
அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆனால் அது காடு திருத்தும் மாதம்.
பகலில் நாங்கள் வெட்டிய தைல மரங்களின் அடிக்கட்டைகள்
இரவில் சரிவெங்கும் கனன்றுகொண்டிருந்தன.
எல்லாம் எங்கள் கையால் மூட்டியவை.
அந்தியில் எண்ணினேன். எட்டு.

அக்கரையில் அந்த மண்ணின் மக்கள் இருந்தார்கள்,
எந்தப் புகை எதற்கு என்று வாசிக்கத் தெரிந்தவர்கள்.
திடீரென எழுந்து மேட்டைப் பார்த்தார்கள்.
பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.
அவர்கள் மொழியில் ஒரு சொல்
நாங்கள் கேட்டுக் கற்றதில்லை.
நிலம் பறிபோன கதையை ஊரில் பாடி அழுதவர்கள் நாங்கள்.
இங்கே கோடரி எங்களிடம் இருந்தது.

ஒன்பதாவது எரிந்தது.

கட்டை நெருப்பு சிவப்பாய்க் கிடக்கும்.
வைக்கோல் நெருப்பு மஞ்சளாய் எழுந்து நிற்கும்.
எந்தக் குழந்தைக்கும் தெரியும் இது.
ஓனா இருட்டில் வந்தாள், முழங்கைவரை மாவு.
"இப்போதா?"
"இல்லை. கட்டைதான்."
அவள் மேட்டைப் பார்த்தாள்,
பிறகு என்னை,
மேட்டைவிட அதிக நேரம்.
உள்ளே போய்விட்டாள்.

பாலத்தடியில் எங்களுக்காக
இரண்டு மணி நேரம் காத்திருந்தார்களாம்.
இருபது ஈட்டி. மூன்று துப்பாக்கி,
ஒன்றில் மருந்து நனைந்திருந்தது.
சிலர் தூங்கிப் போனார்கள்.
சிலர் கிடைத்த ரம்மைக் குடித்தார்கள்.
சிப்பாய்கள் வந்த பிறகு எல்லாம் முடிய
கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"நெருப்பைக் கண்டாயா?"
"நிறைய இருந்தது ஐயா. எனக்கு எண்ணத் தெரியாது."
மேசைக்குப் பின்னால் சிரித்தார்கள்.
லோர்கன் சிரிக்கவில்லை.
கப்பலின் கீழ்த்தட்டில், விலங்குக் கண்ணிகளை வைத்து
அவனுக்குக் கூட்டல் காட்டியவன் நான்.

அவனைச் சாலைச் சந்திப்பில் தொங்கவிட்டார்கள்,
காற்று அடித்தால் சங்கிலி கேட்கும்.
ஓனாவை வேறு தீவுக்கு அனுப்பினார்கள்.
என் பெயரை அவள் எங்கும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

அடுத்த கப்பலில் காகிதம் வந்தது,
எலி கடித்த ஓரத்தோடு.
தீர்ப்பு நாளிலிருந்து அல்ல,
விலங்கு மாட்டிய நாளிலிருந்து எண்ண வேண்டுமாம்.
என் கணக்கில் பன்னிரண்டு வாரம் பிசகு.
ஆகவே விசாரணையில் நான் சொன்னது
அந்த அளவுக்கு உண்மை.

இப்போது முப்பது ஏக்கர் இருக்கிறது.
அடிக்கட்டைகள் அப்படியே நிற்கின்றன.
கொளுத்தித் தொலைத்தால் என்ன என்கிறான்
அண்டைப் பண்ணைக்காரன்.
ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி
ஏர் ஓட்டுகிறேன்.