இருபத்தெட்டாம் நாள்

முந்நூற்றுப் பதினோரு கோடி என்று
தகரத் தடுப்பில் நீல எழுத்தில் போட்டிருந்தார்கள்.
அதில் எனக்கு வந்தது ஒரு கொட்டகை,
ஒரு நசுக்கும் மெஷின், ஒரு தண்ணீர்த் தொட்டி.
ஃபேன் கிடையாது.

தூண் வார்க்கும் ஒவ்வொரு ராத்திரியும்
அதே கலவையில் ஆறு கட்டிகள்,
ஒரு சாண்கூட வராத சதுரம்.
மூன்று ஏழாம் நாளுக்கு,
மூன்று இருபத்தெட்டாம் நாளுக்கு.
அதுவரை தொட்டியில் மூழ்கிக் கிடக்கும்,
முதுகில் சிவப்புப் பெயின்ட்டில் தேதியோடு.
எழுதுவது ரஞ்சன் நாயக். ஒடிசாக்காரன்.
அவன் போடும் ஏழு நமக்கு ஒன்று மாதிரி இருக்கும்.
அதற்காக ஒரு முழு மத்தியானம் சண்டை போட்டிருக்கிறேன்.

நல்ல கட்டிக்கு உடைவதிலும் ஒரு முறை உண்டு.
நாலு பக்கமும் உதிர்ந்து
நடுவில் இடுப்பு சிறுத்து
உடுக்கையாக நிற்கும்.
கொட்டகைக்குப் பின்னால் உடுக்கைக் குவியல்.
டீ வண்டி சக்கரத்துக்கு அணை கொடுக்க
கஜபதி அதில் ஒன்று எடுத்துப் போவார்.

முப்பத்தோராம் தூண்.
வேண்டியது முப்பத்தைந்து.
முதல் கட்டி முப்பத்தெட்டு. உடுக்கை.
இரண்டாவது முப்பத்தேழு. உடுக்கை.
மூன்றாவது
சத்தமே போடாமல்
மூலைக்கு மூலை பிளந்தது,
மழைக்காலத்து வெல்லம் போல.
இருபத்தொன்பது புள்ளி ஆறு.

வெளியே எட்டிப் பார்த்தேன்.
இருபத்தெட்டு நாள் பொறுப்பது சிமெண்ட் மட்டும்தான்.
அதற்குள் தூணின் தலையில் தொப்பி ஏறி
தொப்பிமேல் உத்தரம் ஏறி
உத்தரத்தின்மேல் ஒருவன்
சேர்வராயனைப் பின்னால் வைத்து
செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான்.

"சராசரியப் பாரும்மா" என்றார் ஏ.இ. தணிகாசலம்.
முப்பத்து நாலு புள்ளி எட்டு ஏழு.
"முப்பத்தஞ்சுதானே அது."
விலகல் பதினைந்து சதவீதம் வரை விதி பொறுக்கும்.
இது பதினைந்து புள்ளி ஒன்று.
அந்தப் புள்ளி ஒன்றை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
சாப்பாட்டு நேரம் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.
தயிர்ச்சோறு புளித்திருந்தது.

அவர் கெட்டவர் இல்லை.
ரிஜிஸ்டரைப் பிடுங்கவில்லை.
"எம் பொண்ணும் இதுமேலதான் ஸ்கூல் வேன்ல போவா" என்றார்.
எழுதச் சொன்னாரா, வேண்டாம் என்றாரா,
இன்றுவரை விளங்கவில்லை.

எழுதினேன்.
தைரியம் என்றெல்லாம் இல்லை.
ஏழுக்காக அவனோடு அத்தனை சண்டை போட்டவள்
எந்த முகத்தோடு ஒன்பதைத் திருத்துவாள்?

பதினோரு நாள் வேலை நின்றது.
ஈரோட்டிலிருந்து துளை போடும் ஆள் வந்தான்.
தூணின் வயிற்றில்
உலக்கைக் கனத்துக்கு ஒரு துண்டு உருவி
அதையும் நசுக்கினார்கள்.
தாங்கியது.
தூண் நல்ல தூண்.
அந்த ஒரு கட்டியை மட்டும் அன்றிரவு
யாரோ தூக்கக் கலக்கத்தில் சரியாகக் குத்தவில்லை.
பதினோரு நாள் வாடகையை
கிரேன்காரன் என்னைப் பார்த்துப் பார்த்துச் சொன்னான்.
அடுத்த ஒப்பந்தத்தில் என் பெயர் இல்லை.

பாலம் திறந்து மூன்று வருஷம்.
சூரமங்கலம் போக
எனக்குக் கீழ்ச்சாலைதான் தோது.
முப்பத்தொன்றில், ஆள் உயரத்தில்,
துளையை அடைத்த இடம்
வட்டமாக, கொஞ்சம் கறுத்து,
புஜத்துத் தடுப்பூசித் தழும்பு மாதிரி இருக்கும்.
இந்த வாரம் அதன்மேல்
பூப்புனித நீராட்டு விழா போஸ்டர்.
பசை இன்னும் காயவில்லை.
அந்தப் பெண்ணின் இடது தோளில்
வட்டம் லேசாகப் புடைத்துத் தெரிகிறது.