மூன்றாவது டவுன், 119.4

மாட்டுக்கு மணி கட்டியதுபோல்
கழுத்தில் கருவி தொங்குகிறது.
அக்டோபர், சனிக்கிழமை, இரவு ஏழு.
லூசியானாவின் வெக்கை இன்னும் சட்டையை விடவில்லை.
பல்கலைக்கழகம் எனக்குக் கொடுத்த வேலை சின்னது:
கத்துகிறவர்கள் நடுவே நின்று
கத்தாமல் இருப்பது.
ஐந்து நொடிக்கு ஓர் எண் குறிப்பது.

வடக்கு முனை, பகுதி 412.
இடப்பக்கம் ஆர்வில் கீட்ரி, குழாய் வேலைக்காரர்.
தொண்டையை இங்கே செலவழித்துவிட்டு
ஞாயிறு காலை ஆமென் சொல்ல
உதட்டை மட்டும் அசைப்பாராம்.
வலப்பக்கம் ஏழு மாதக் குழந்தை,
தலையைவிடப் பெரிய காதுமூடியோடு
பணி முடிந்த விமானிபோல் தூங்குகிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு இது விளங்குவதில்லை:
எங்கள் பையன்கள் கையில் பந்து இருக்கும்போது
தொண்ணூறாயிரம் பேரும் வாயை அடக்குகிறோம்.
எழுபத்தெட்டு. எழுபத்தாறு.
பாப்கார்ன் விற்பவள்கூட விலையை விரலால் சொல்கிறாள்.
அன்பு இங்கே சத்தம் போடாது.

பந்து அவர்கள் கைக்குப் போகட்டும்,
அதுவும் மூன்றாவது டவுன், ஏழு கெஜம் பாக்கி,
அப்போது பாருங்கள்.
ஆர்வில் எழுகிறார். வரிசை எழுகிறது.
அலுமினியப் பலகைமேல் பூட்ஸுகள் இடிக்கின்றன.
நூற்றெட்டு.
நூற்றுப் பதினொன்று.
மூன்று கூடினால் ஆற்றல் இரட்டிப்பு என்பது கணக்கு.
கணக்கு தெரியாத என் கோலா
கோப்பைக்குள் வட்டம் வட்டமாய் நடுங்குகிறது.

எதிரணிக் குவார்ட்டர்பேக் வாய் திறந்து மூடுகிறான்,
கரையில் எறிந்த மீன்.
சொல் ஹெல்மெட்டைத் தாண்டவில்லை.
ஆகவே அவர்கள் பேச்சையே விட்டுவிட்டார்கள்.
அவன் ஒரு காலைத் தூக்கி வைக்கிறான்;
அதைப் பார்த்த ஒருவன்
நடுவில் குனிந்திருக்கும் எழுபத்தொன்றின் தொடையில் தட்டுகிறான்;
எழுபத்தொன்று தலையை நிமிர்த்தி, மனதுக்குள் ஒன்று எண்ணி,
பந்தைப் பின்னால் விடுகிறான்.
எங்கள் அத்தனை தொண்டைக்கும் எதிராக
ஒரு தட்டு.

பிறகு, ஒரு குவியல் கலைந்தபோது
எழுபத்தொன்று எழவில்லை.

சத்தம் ஒரேயடியாக நிற்பதில்லை.
கீழ்வரிசை முதலில் பார்த்தது,
கண்டது மேலே ஏறி வர நேரம் பிடித்தது,
கடைசியாக ஒருவன் மட்டும் தன் கூச்சலோடு தனித்துப்போய்
வெட்கி உட்கார்ந்தான்.
அறுபத்து நான்கு.
கொடிக்கம்பத்தில் கயிறு டிங் டிங் என்றது.
ஆற்றுக்கு அப்பால் சரக்கு ரயில்.
அப்புறம், விருந்தினர்களை ஒதுக்கிவைத்த
அந்த உச்சி மூலையிலிருந்து ஒரு பெண்:
“வெண்டெல்!”

கருவி அசையவில்லை.
அறுபத்து நான்கு, அறுபத்து நான்கு.

ஆர்வில் தொப்பியைக் கழற்றியிருந்தார்.
“என்ன பேர் சொன்னாங்க?”
குரல் உப்புத்தாள்.
“வெண்டெல்” என்றேன்.
“வெண்டெல்” என்று தொப்பிக்குள் சொல்லிக்கொண்டார்.

வண்டியில் படுத்தபடி அவன் கட்டைவிரலை உயர்த்தினான்.
கைதட்டல், தொண்ணூற்றேழு.
மாற்றாக வந்தவன் ஐம்பத்தெட்டு.
சட்டையில் ஒரு புல்கறை இல்லை.
பந்தைத் தொடுமுன்
கையை இரண்டு முறை தொடையில் துடைத்தான்.

மூன்றாவது டவுன். ஒன்பது கெஜம்.

யாரும் யாருக்கும் சொல்லவில்லை.
ஆர்வில் எழுந்தார். தொப்பி தலைக்குத் திரும்பியது.
குழந்தை விழித்து, அழுதது தெரிந்தது, கேட்கவில்லை.
ஐம்பத்தெட்டுக்குத் தட்டு விழுந்ததோ இல்லையோ,
பந்து குவார்ட்டர்பேக்கின் தலைக்கு மேலே பறந்து
யாருமில்லாத புல்லில் குதித்தது.
119.4.
இந்தப் பருவத்தின் உச்சம்.

நள்ளிரவில், வாகன நிறுத்தத்தில்,
டேஷ்போர்டு வெளிச்சத்தில் படிவத்தை நிரப்பினேன்.
வெப்பம் இருபத்தாறு. காற்று தெற்கிலிருந்து.
பிற குறிப்புகள் என்ற கட்டம் எப்போதும் காலியாகப் போகும்.
இன்று எழுதினேன்:
மேற்கண்ட அளவு எடுக்கப்பட்டபோது
கருவியிலிருந்து ஒரு சாண் தூரத்தில்
திறந்த வாய் ஒன்று இருந்தது.